ரிட்டர்ன் என்ற ஒரு சொல்

மூன்று நாட்களாக என் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமில் காலிப் பட்டியல்தான் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்த பயிற்சி சின்னதுதான். மதிப்பெண் பட்டியலில் ஐம்பதுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் ஃபில்டர் போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் இதெல்லாம் நமக்கு எதற்கு, நாளையோடு நின்றுவிடலாம் என்ற எரிச்சலோடு திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு பஸ் ஏறி, மடியில் லேப்டாப்பைத் திறந்தேன்.

பக்கத்தில் மில் சீருடையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன புரியப்போகுதுன்னு பாக்குறீங்க?" என்று சீறினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது தயங்கி நின்றார். "தப்பா நினைக்காதீங்கக்கா. அந்த ஃபங்ஷனுக்குள்ள ரிட்டர்ன் போடாம விட்டுட்டீங்க. அது சரிபாக்குது, ஆனா பதிலத் திருப்பித் தரல. நானும் இதப் படிச்சேன். ஷிப்ட்டு ஒத்துவரல, பாதியிலயே விட்டுட்டேன். நீங்க விட்றாதீங்க."

நான் வாய் திறப்பதற்குள் அவர் இறங்கிவிட, பஸ் கிளம்பிவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். மதிப்பெண்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

படிப்பை நான் விடவில்லை. ஆளைப் பார்த்தே எடைபோட்ட என் புத்தியை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.