பெண் குழந்தைக்குக் காராமணி

தோவா இனிப்பு விற்கிறாளா, திட்டு விற்கிறாளா என்று எங்கள் சா டெக் ஊர்ச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். பக்கத்தில் கரும்புச்சாறு பிழிகிற எனக்குப் பதினெட்டு வருஷமாக இரண்டுமே கிடைக்கிறது.

"ஒரு வாய் ருசி பாக்காம ஐஸக் கொட்டுறியே, நாக்கு எதுக்கு வெச்சிருக்க?" என்பாள். திட்டு வாங்கியவனே இரண்டாவது கிண்ணம் கேட்பான். ஒட்டரிசியோடு குழைந்த காராமணி, மேலே உப்புக் கரிக்கிற தேங்காய்ப்பால், ரம்பை இலை வாசம். அது தொண்டையில் இறங்கும்போது மானமாவது, ரோஷமாவது!

குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்தால் பேறு பார்க்கும் பன்னிரண்டு அம்மன்களுக்குப் பன்னிரண்டு கிண்ணம் படைப்போம். ஆண் என்றால் காராமணிக் கஞ்சி. பயறுக்கும் பரீட்சையில் தேறுவதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல், 'டாவ்'. பையன் தேறி வருவானாம். பெண் என்றால் இஞ்சிப் பாகில் மிதக்கும் கொழுக்கட்டை. அவள் நல்ல இடமாகப் பார்த்து மிதந்து போய்ச் சேர வேண்டுமாம். இதை முதலில் யோசித்தவன் வாயில் அந்தப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும்.

தோவா பன்னிரண்டு வயதில் மேல்பள்ளிக்குத் தேறியவள். "தம்பி படிக்கட்டும். நீ எங்கயோ மிதந்து போறவதான?" என்று சொல்லி, அம்மாக்காரி அவள் தோளில் இனிப்புக் காவடியை ஏற்றிவிட்டாள். அவள் எங்கும் மிதந்து போகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. கால்வாய்க் கரையில் இனிப்பைக் கூவி விற்றே தம்பி துவானைப் படிக்க வைத்தாள். அவன் இப்போது இஸ்திரி மடிப்புக் கலையாமல் அலுவலகம் போகிறான். சந்தைப் பக்கம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான்.

போன மாதம் அவனுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. கடைக்கு வந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம காலைல கொழுக்கட்டை வேணும். பன்னெண்டு கிண்ணம்."

தோவா கரண்டியை வைக்காமலே கேட்டாள். "மியென் பரீட்சைக்குப் பேர் குடுத்துட்டாளா? ஞாயிறு கழிஞ்ச செவ்வாக்கெழமதான் கடைசியாம்."

மியென் அவனுடைய மூத்த பெண். பதினேழு வயது, கல்லூரிக்குப் போகத் துடிக்கிறவள்.

"எதுக்கு? செருப்புக் கம்பெனில சொல்லி வெச்சாச்சு. அவ சர்டிஃபிகேட் பேப்பரெல்லாம் அலமாரில பூட்டிட்டேன். படிச்சு என்ன, எங்கயோ மிதந்து போறவதான?"

அம்மாக்காரியின் அதே வார்த்தை, அக்காவின் முகத்துக்கு நேரே! ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஏணியிடமே வந்து கொழுக்கட்டை கேட்கிறவனை அன்றுதான் பார்த்தேன். கரும்புக்குப் பதில் அவன் கையை மெஷினில் விடலாமா என்று இருந்தது. தோவா, "பன்னெண்டுதான?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஈயைக்கூடத் திட்டுகிறவள் திட்டாமல் விட்டால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

ஞாயிறு காலை இருவருமாகப் பானையைத் துவான் வீட்டுக்குச் சுமந்து போனோம். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். துவான் மூடியைத் திறந்தான். உள்ளே காராமணி.

"அடடா, பையன்னு நெனச்சுட்டியா? வயசாச்சு, மறந்துட்டா பாவம்" என்று ஒரு சித்தப்பா சிரித்தார்.

"மறக்கல சித்தப்பா. முப்பத்தாறு வருஷமா மறக்கல" என்றாள் தோவா. "இவளும் தேறட்டும். மிதந்தது போதும்."

துவானுக்கு முகம் சிவந்தது. "பொட்டப்புள்ளைக்குப் பயறா? அம்மனுங்க சும்மா விடுமா? கொண்டுபோய்க் கால்வாயில கொட்டு!"

"கொட்டித்தான் பாரேன்டா!" கத்தியது நான்தான். எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கத்தினேன்.

கூடத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துவானின் பெண்டாட்டி லாய் எழுந்தாள். புருஷன் முன்னால் தும்மக்கூட யோசிக்கிறவள். கைக்குழந்தையை மியெனிடம் கொடுத்தாள். பன்னிரண்டு கிண்ணத்திலும் காராமணியை அள்ளி வைத்தாள், படையலில் அடுக்கினாள், ஊதுபத்தி கொளுத்தினாள். காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"சரி, சின்னவளுக்குப் படைச்சுத் தொலைச்சாச்சு" என்றான் துவான். "பெரியவ விஷயத்துல மட்டும் மூக்க நுழைக்காத."

"அவள நான் கூட்டிட்டுப் போறேன். எங்கிட்ட இருந்து படிக்கட்டும்" என்றாள் தோவா.

"பேப்பர் இல்லாம எங்க போய் நிப்பா? சாவி எங்கிட்ட."

லாய் கழுவித் துடைத்த பானையோடு திரும்பி வந்தாள். மூடி போட்டிருந்தது.

"அலமாரிப் பூட்ட ஒடச்சுட்டேன்" என்றாள். "பேப்பரெல்லாம் பானைக்குள்ள இருக்கு. எடுத்துட்டுப் போங்கக்கா."

மியென் தங்கச்சியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் நிற்கவில்லை. தோவா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

துவான் வாசல்வரை ஓடி வந்தான். "போ! போய் எழுது! ஃபெயிலாயிட்டு மட்டும் இந்த வாசப்படிய மிதிக்காத!"

தோவா திரும்பினாள். வழக்கமாகச் சந்தையே அதிரக் கத்துகிறவள், அன்று மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ ரெண்டு தடவ ஃபெயிலாகி வந்தடா, தம்பி. ரெண்டு தடவையும் நான்தான் கதவத் தொறந்தேன்."