பூட்டிய கோழிக்கூண்டு

முடிச்சூரில் சொந்த உழைப்பில் வீடு கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாவிட்டாலும் வெல்டிங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. பம்மல் பட்டறையில் கழித்துப்போட்ட ஜன்னல் கம்பிகளை எடைக்கு வாங்கி, தோட்டத்தில் ஒரு கோழிக்கூண்டு செய்தேன். பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்ததும் தெருவே நின்று பார்த்தது. திருட்டுக்குப் பயந்து, கால்களைத் தரையில் சிமென்ட் போட்டு இறுக்கி, பெரிய பூட்டும் மாட்டினேன்.

போன மழையில் நான் வேலையாகப் படப்பையில் இருந்தபோது மனைவி போன் செய்தாள்.

"இன்னாங்க, தோட்டத்துல தண்ணி ஏறிக்கினே வருது. கூண்டு சாவி எங்க வெச்சீங்க?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

"பூட்டை உடைச்சிடு" என்றேன்.

"பக்கத்து வூட்டு அண்ணன் சுத்தியால அடிச்சி அடிச்சி கை வீங்கி நிக்கிறாரு. பூட்டும் ஒடையல, கம்பியும் வளையல. நீங்க செஞ்ச கூண்டாச்சே, அசையுமா?"

உடனே பஸ் ஏறினேன். ரோடெல்லாம் வெள்ளம், பஸ் நகரவில்லை. கோழிகள் கத்துவதைப் போனில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை உறுதியாகச் செய்த கையை நானே திட்டிக்கொண்டேன்.

வீடு சேர்ந்தபோது முழங்காலுக்கு மேல் தண்ணீரில் மனைவி கூண்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மேல்கட்டையில் ஒண்டியிருந்த கோழிகள் பிழைத்தன. கீழே அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழாமலே செத்துவிட்டது.

இப்போது கூண்டு உயரமான மேடையில் இருக்கிறது. பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் மட்டும்தான். அதையும் மனைவி கையில் வாங்கி ஒருமுறை சுலபமாகத் திறந்து காட்டிய பிறகே பொருத்தினேன்.