மிஞ்சிய மாத்திரைகள்

இனிக் குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போய், புண்ணைக் கழுவி, வலிக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் வேலை எனக்கு. மார்ஃபின் மாத்திரையை டாக்டர் யார் பெயருக்கு எழுதுகிறாரோ அவருக்கு மட்டும்தான் கொடுக்கலாம். அவர் இறந்துவிட்டால் மிஞ்சியதை வாங்கிவந்து ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். சட்டம் அப்படி.

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் ஒரு அம்மா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு மாத்திரையை வாங்கப் போனேன். அவருடைய மகள் அட்டையை எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க சிஸ்டர், மேல ஊட்டு மாமாவுக்கும் இதே நோவுதானுங்க. இதை அவருக்குக் குடுத்தரலாமுங்களா? தாரோம்னு சொல்லிப்போட்டோமுங்க.”

மலையில் அது வழக்கம். சாமை விதையானாலும் காய்ச்சல் மருந்தானாலும் ஒரு வீட்டில் மிஞ்சியது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என்னிடம் சொல்லாமல் கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது. ஆனால், என்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான்தான். அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேல் வீட்டுக்கும் போனேன். மிளகு பறிக்க மரம் மரமாக ஏறியவர், எலும்பில் பரவிய புற்றுநோயோடு சுருண்டு கிடந்தார். போர்வை பட்டாலே கத்தினார். டாக்டரைப் போனில் பிடித்தேன். தான் பார்க்காத நோயாளிக்கு எழுத முடியாது, கீழே கூட்டி வாருங்கள் என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உடம்பை எப்படி இறக்குவது என்று கத்தினேன். சரி, அடுத்த வாரம் நானே வருகிறேன் என்றார். நல்ல மனிதர்தான். அவர் கையையும் அதே சட்டம்தான் கட்டியிருந்தது.

“மாத்திரை உங்க பையிலதானுங்களே இருக்குது?” என்றார் நோயாளியின் மனைவி.

“இருக்குதுங்க. குடுக்க எனக்கு அதிகாரமில்லீங்க.”

அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன? பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாதி குடு கண்ணு. போதும்.”

சாதாரண வலி மாத்திரையைக் கொடுத்தேன். அதில் இந்த வலி அடங்காது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்கள்.

சொன்னபடி டாக்டர் அடுத்த வாரம் மலைக்கு வந்தார். நானும் கூடப் போனேன். அதற்கு முந்தின நாளே பெரியவரை அடக்கம் செய்திருந்தார்கள். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. என் தோளில் தொங்கிய பையைத்தான் பார்த்தார். சாவு விழுந்த வீட்டுக்கு நான் எதற்கு வருவேன் என்று அவருக்குத் தெரியும்.

“இங்க வாங்கிட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்” என்றார்.