பட்டப்பகலில் லைட்டு போட்ட ஜெயஸ்ரீ

ஜெயஸ்ரீ எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு இரண்டு தெரு முன்னாலேயே அவள் குரல் வந்துவிடும். "வஞ்சரம்... சங்கரா... நெத்திலீ..." என்று அந்த 'லீ'யை இழுக்கிற இழுப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும். ஆளும் வாட்டசாட்டமானவள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, கண்ணைப் பறிக்கிற கலரில் புடவை, பழைய எக்செல் வண்டி, பின்னால் நீல நிற ஐஸ் பெட்டி. இப்படிப்பட்டவளிடம் ஒரு வேன் டிரைவர் "உன்னைப் பார்க்கவே இல்லக்கா" என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

போன கார்த்திகையில் நடந்தது அது. ஈஞ்சம்பாக்கம் குப்பத்திலிருந்து சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாக ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மீன் கொண்டு வந்துகொண்டிருந்தாள். லேசான தூறல். கௌரிவாக்கத்தில் எதிரே வந்த கம்பெனி வேன் ஒன்று சட்டென்று வலப்பக்கம் திரும்பிவிட்டது. இவள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், சங்கரா மீன் நடு ரோட்டில். இடது கை உடைந்துவிட்டது. அந்த டிரைவர் கெட்டவன் இல்லை. அவனேதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஆனால் வழி நெடுக, "சத்தியமா உன்னைப் பார்க்கலக்கா, கண்ணுல படவே இல்லக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

"கை ஆறு வாரத்துல சேந்துகிச்சி சார்" என்றாள் என்னிடம். "அவன் பாக்கலன்னு சொன்னான் பாரு, அது இன்னும் சேரல. நான் இன்னா கொசுவா?"

அந்த வண்டி அவளுக்கு என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் கோபம் புரியும். அவளுடைய அம்மா தலையில் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவள். மீன் நாற்றம் என்று கண்டக்டர்கள் ஏற விடாத நாட்களில் கூடையோடு திரும்பி நடந்தவள். அப்படி நடக்க மாட்டேன் என்று ஜெயஸ்ரீ முப்பத்தோரு வயதில் மணலில் விழுந்து விழுந்து வண்டி கற்றுக்கொண்டாள். அவர்கள் குப்பத்தில் மீன் பெட்டியோடு வண்டி ஓட்டிய முதல் பெண் அவள்தான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சேலையூர் வரை நாற்பது வீடு பிடித்தாள். எந்த வீட்டில் யாருக்கு ரத்தக்கொதிப்பு, எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் இறால் வாங்குவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருடமாக யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்துகொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கோபு ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பேச்சு குறைவு. ஆனால் கட்டு போட்ட கையோடு பெண்டாட்டியைப் பார்த்த அன்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வண்டிய வித்துடு. மீன கரையிலயே யாவாரிகிட்ட போட்டுட்டு வூட்ல கெட."

"என்னை வேணா வித்துடு, வண்டிய விக்க மாட்டேன்" என்றாளாம் இவள்.

இரண்டு வாரம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் கோபு ஒரு படி இறங்கினார். வண்டி இருக்கலாம், ஆனால் தனியாகப் போகக்கூடாது. மச்சான் மகேஷின் பழைய பைக்கை வாங்கிக்கொண்டு பின்னாலேயே தானும் வருவார். அவர் வர முடியாத அன்றைக்கு அவளும் போகக்கூடாது. பொங்கல் கழிந்ததும் இந்த ஊர்வலம் ஆரம்பமானது. முன்னால் இவள், பத்தடி பின்னால் அவர். பக்கத்தில் எந்த வண்டி வந்தாலும் அவர் ஹாரனை அமுக்குவார். கரையிலிருந்து எங்கள் தெரு வரை ஒரே ஹாரன்.

"பேஜாரா கீது சார்" என்றாள். "எங்க கல்யாண ஊர்கோலத்துல கூட இவ்ளோ சத்தம் இல்ல."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. பதினோரு வருடம் தனியாக ஓட்டிய ரோட்டில் இப்போது காவலோடு போகிறாள். அவரைப் பார்த்தாலோ அதைவிடப் பாவமாக இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போய் ஏழு மணிக்குக் கரையேறி, படுக்க வேண்டிய மனிதர் உப்புத் தண்ணீர் காயாத சட்டையோடு பைக்கில் வருவார். நாங்கள் மீன் வாங்கி முடிப்பதற்குள் எங்கள் கேட்டில் சாய்ந்தபடி தூங்கிவிடுவார். என் மனைவி தபீதாள் காபி கொடுத்து எழுப்புவாள். ஒருநாள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள், "இப்படியே போனா அடுத்து விழப்போறது இவர்தான்" என்றாள்.

அதனால் ஜெயஸ்ரீக்கு வேண்டியது ஒன்றுதான். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் அவள் படுகிறாள் என்று கோபுவுக்கு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அவருக்குத் தூக்கம், அவளுக்கு ரோடு.

முதல் யோசனை கோபுவுடையதே. கடலில் வலை கிடக்கிற இடம் மற்ற படகுக்காரனுக்குத் தெரிய ஒரு கழியில் கொடி கட்டி மிதக்க விடுவார்கள். அதே மாதிரி ஒரு கழியை ஐஸ் பெட்டியில் கட்டி சிவப்புத் துணியைப் பறக்கவிட்டார். மேடவாக்கத்தில் இரண்டு பேர் "மாநாடு எங்கக்கா?" என்று கேட்டார்கள். மறுநாள் மஞ்சள் கட்டினார். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்க வந்தவள் என்று ஒரு கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். பச்சைக்கு ஒரு கட்சி, நீலத்துக்கு ஒரு கட்சி, வெள்ளைக்குச் சாவு. நம்முடைய நாட்டில் சொந்தக்காரன் இல்லாத கலர் என்று ஒன்று உண்டா? கொடி நான்கே நாளில் இறங்கியது.

அடுத்தது கோட்டு. ரோடு வேலை செய்கிறவர்கள் போடுகிற, வெள்ளிப் பட்டை வைத்த ஆரஞ்சுக் கோட்டு. ஹெல்மெட்டிலும் ஐஸ் பெட்டியிலும் லாரிக்கு ஒட்டுகிற சிவப்பு, வெள்ளைப் பட்டைகளை ஒட்டிக்கொண்டாள். வெயில் பட்டால் அப்படியே மின்னினாள். நான் பால்கனியில் நின்று கை தட்டினேன். அதற்குள் மாடி வீட்டு மாளவிகா இரண்டு பக்கெட்டோடு ஓடி வந்து, "இது மக்கும் குப்பை, இது மக்காத குப்பை. ஏன் ரெண்டு நாளா வரல?" என்று அவள் வண்டிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மூன்று வருடமாக இவளிடம் வஞ்சரம் வாங்குகிறவள்!

"மக்கிப் போறதுக்கு முன்னாடி வித்துடலாம்னுதான் வந்துகீறேன் பாப்பா!" என்று ஜெயஸ்ரீ ஹெல்மெட்டைக் கழற்றினாள். மாளவிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தெருவே சிரித்தது. ஜெயஸ்ரீயும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கோட்டுதான் தெரியுது சார். உள்ள யாரு கீறான்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. பாவம், தெனமும் இத்தப் போட்டுகினு வர்றாங்களே, அவங்கள நெனச்சிப் பாரு."

மெயின் ரோட்டில் மட்டும் கோட்டு, தெருமுனை வந்ததும் கழற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டாள். ஆனால் கோபு மசியவில்லை. "கோட்ட அவன் பாத்தானா பாக்கலியான்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 

அதற்குப் பதில் தை மாதக் கடைசியில் பனியோடு வந்தது. அன்றைக்குச் சதுப்புநிலத்துப் பக்கம் எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. அவள் ஹெட்லைட்டைப் போட்டாள். மேடவாக்கம் வந்ததும் வெயில் ஏறிவிட்டது. அணைக்கப் பார்த்தால் சுவிட்ச் சிக்கிக்கொண்டது. புது வண்டிகளில் விளக்கு எப்போதும் தானாகவே எரிகிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஒரு பழைய எக்செல் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு போனால் நம் ஜனங்களால் பொறுக்க முடியுமா? எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் ஊரு இது! எதுர வர்றவன் எல்லாம் கைய இப்டி இப்டி ஆட்றான்" என்று ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினாள். "சுவிட்சு வேல செய்யலன்னு ஒவ்வொருத்தனுக்கும் எறங்கி வந்தா சொல்றது?"

நான் அவள் சொன்னதில் பாதியைக் காதில் வாங்கவில்லை. என் கண் வண்டியில் இருந்தது. "ஜெயாம்மா, லைட்டு எரியுது பாரு" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். குரலே மாறிவிட்டது.

"சார்... பஸ்ஸு டிரைவர் ஒருத்தன் காட்னான். ஆட்டோக்காரன் நாலு பேரு. ஒரு கார்ல அம்மா ஒன்னு கண்ணாடிய எறக்கிச் சொல்லிச்சி. ரோட்டத் தாண்டிகினு இருந்த பெருசு கூட கைத்தடியத் தூக்கி ஆட்டிச்சி. ஒரு முப்பது பேராவது இருக்கும் சார்."

"சரி, அதுக்கென்ன?"

"அத்தினி பேரும் என்னப் பாத்துகீறானுங்க சார்!"

கத்தின கத்தலில் கேட்டில் தூங்கிய கோபு எழுந்துவிட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆமாம்! நம் ஊர்க்காரன் வழி விட மாட்டான், இண்டிகேட்டர் போட மாட்டான். ஆனால் அடுத்தவன் சைடு ஸ்டாண்டு எடுக்காமல் போனால் துரத்திக்கொண்டு போய்ச் சொல்வான். புடவைத் தலைப்பு சக்கரத்துப் பக்கம் தொங்கினால் நாலு பேர் கத்துவார்கள். ஆளைப் பார்க்காத கண், ஆள் செய்கிற தப்பை மட்டும் எப்படியோ பார்த்துவிடும்.

"அதான் சார்! தப்போடயே போறேன் இனிமே" என்று அவள் குதித்தாள். நாற்பதைத் தாண்டியவள், உண்மையிலேயே குதித்தாள். சுவிட்ச்சைச் சரி செய்ய வேண்டாம், பல்பை மட்டும் மாத்து என்று கேம்ப் ரோடு மெக்கானிக்கிடம் அன்றைக்கே பளீரென்று ஒரு பல்பு போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மீன் பேச்சே போய்விட்டது. "நேத்து நாப்பத்தாறு சார்!" "இன்னிக்கி போலீஸ்காரரே காட்னாரு!" "ஒருத்தன் பின்னாடியே வந்து, அக்கா பேட்டரி வீணாப் போவும்னு அட்வைஸ் பண்றான்!" என்று வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிடுவாள். தபீதாள் காலையில் எழுந்ததும் என்னிடம், "இன்னைக்கு அம்பது தாண்டுவாளா?" என்பாள். கோபு மட்டும் காபியைக் குடித்துவிட்டு, "கை காட்றவன் எல்லாம் பிரேக்கு புடிப்பானா?" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். ஊர்வலம் தொடர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் தாம்பரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அவள்தான். மாடம்பாக்கம் ரோட்டிலிருந்து ஒரு தண்ணி லாரி மெயின் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.  லாரி ஏறியது, ஏறியது, சடக்கென்று நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களைக் குவித்து விரித்தான். ஜெயஸ்ரீ ஒரு கையைத் தூக்கி ராணி மாதிரி கும்பிடு வைத்துவிட்டுத் தாண்டினாள். எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

அவள் தாண்டியதும் டிரைவர் கையை உள்ளே இழுத்து வண்டியை எடுத்தான். நேராகக் கோபுவின் மேல்.

ஹாரன் நீளமாகக் கேட்டது. பிரேக் சத்தம். பைக் வழுக்கி, லாரியின் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கோபு ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார். கிளீனர் பயந்துபோய் இறங்கி ஓடி வந்து, "யோவ் பெரியவரே, சத்தியமா உன்னப் பாக்கவே இல்லய்யா! முன்னாடி போன லைட்டுதான்யா தெரிஞ்சிது!" என்றான்.

ஜெயஸ்ரீ வண்டியை நடு ரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கிளீனரைத் திட்டினாள், டிரைவரைத் திட்டினாள், எதற்கோ என்னையும் திட்டினாள். கோபுவின் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதாள். கை உடைந்தபோது கூட அவள் அழுததில்லை. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எக்செல்லை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன்.

 லாரி போனதும் கோபு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பைக்கைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்து நிறுத்தினார்.

"எங்கய்யா போற?" என்றாள் ஜெயஸ்ரீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் சேலையூரு வரைக்கும் கீதே."

"வூட்டுக்கு. தூக்கம் வருது" என்றார் அவர். வண்டியைக் கிளப்பியவர், அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாளைலேர்ந்து நான் வரல. நீ போய்ட்டு வா."