ஒளகல்லுத் தீர்த்தமும் சுந்தரத்தின் கையும்

காலை ஐந்தரை மணிக்கு அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் ஜட்கா வந்து நின்றது. என் தங்கை ஜானகி புளியோதரைத் தூக்கை என் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனையையும் கொடுத்தாள்.

"கல்லுக்குள்ள கைய விட்டுத்தான் என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமா அவருக்கு? தண்ணி பட்டுச்சு, அதனால கட்டிக்கிறேன்னு வந்து நின்னார்னா எனக்கு வேண்டாம். சொல்லிட்டேன் அண்ணா. இதை அவர்கிட்ட நீ சொல்லவும் கூடாது."

விஷயம் இதுதான். ஜானகி பதினைந்து வயதில் கணவனை இழந்தவள். பிறகு படித்து, இப்போது பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. என் சிநேகிதன் சுந்தரம் தொம்மலூர்க்காரன், சித்திர வாத்தியார். அவளை மணந்துகொள்ள விரும்பினான். விரும்பிய மறுநாளிலிருந்து பயப்படவும் ஆரம்பித்தான். விதவையைக் கட்டினால் குலம் விளங்காது என்று அவனுடைய பெரியப்பா வாரம் தவறாமல் வந்து ஓதிவிட்டுப் போவார். கடைசியில் இவன் ஒரு வழி கண்டுபிடித்தான். துமகூர் போகும் பாதையில் சிவகங்கை மலை இருக்கிறது. அதில் ஒளகல்லுத் தீர்த்தம் என்று ஒரு குழி. கன்னடத்தில் ஒளகல்லு என்றால் நம் உரல். பாறையில் உரல் மாதிரி இருக்கும் அந்தக் குழிக்குள் கையை விட்டால், புண்ணியம் உள்ளவர் கைக்குத்தான் தண்ணீர் எட்டுமாம். கை நனைந்தால் கல்யாணம், நனையாவிட்டால் இல்லை என்று தீர்மானித்துவிட்டான்.

ஆக, நனையாவிட்டால் அவன் மாட்டேன் என்பான். நனைந்தால் அவள் மாட்டேன் என்பாள். நடுவில் தூக்கைச் சுமக்க நான்.

நிடவந்தா ஸ்டேஷனில் நானும் சுந்தரமும் ரயிலை விட்டு இறங்கியபோது மணி எட்டரை. அங்கிருந்து மலையடிவாரம் ஐந்து மைல் இருக்கும். வண்டி கிடைக்கும், ஆனால் க்ஷேத்திரத்துக்கு நடந்துதான் போகவேண்டும் என்றான் சுந்தரம். இருபுறமும் கேழ்வரகு வயல்கள், அங்கங்கே புளியமரம், காலடியில் செம்மண் புழுதி. இந்த மலை கிழக்கிலிருந்து பார்த்தால் காளை, மேற்கிலிருந்து பார்த்தால் பிள்ளையார், தெற்கே லிங்கம், வடக்கே நாகம் என்று சொல்வார்கள். எனக்கு எந்தப் பக்கமும் மலையாகத்தான் தெரிந்தது.

"ஏண்டா, உனக்கு அவளைப் பிடிச்சிருக்கா இல்லையா?" என்று இரண்டாவது மைலில் கேட்டேன்.

"பிடிச்சிருக்கிறதாலதாண்டா பயமா இருக்கு. என்னால அவளுக்கு இன்னொரு தடவை கெடுதல் வந்துட்டா?"

அதற்குமேல் அவனைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பத்தரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். பாதி வழி படிகள். பிறகு வெறும் பாறை. செங்குத்தான இடங்களில் இரும்புக் கம்பி நட்டிருக்கிறார்கள். மழையில் நனைந்து நனைந்து அது துருப்பிடித்துப் போயிருந்தது. பிடித்து ஏறியதில் எங்கள் உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை செங்காவி ஏறிவிட்டது. குரங்குகள் என் தூக்கை மரியாதையோடு பின்தொடர்ந்தன.

எதிரே ஒரு வளையல்காரி இறங்கி வந்தாள். சுந்தரம் அவளை நிறுத்தி, "தண்ணி கிடைச்சுதாம்மா?" என்று கேட்டான்.

"சிக்கல்ல சாமி, கிடைக்கல. மூணு வருஷமா வர்றேன், ஒரு தரமும் சிக்கல்ல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இவனுக்கு முகம் வாடிவிட்டது.

தீர்த்தம் ஒரு தாழ்ந்த குகைக்குள் இருக்கிறது. அகல் வெளிச்சத்தில், பாறைத் தரையில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துளை. பூசாரி, "மனசுல நெனச்சுக்கிட்டு கைய விடுங்க" என்றார். முதலில் நான் குனிந்தேன். வீட்டுப் பரணில் இருப்பதை முக்காலி இல்லாமல் எடுப்பவன் நான். தோள்வரை விட்டதும் விரல்களில் ஜில்லென்று தண்ணீர் பட்டது. கையை எடுத்துப் பார்த்தேன். நனைந்த விரல்களில் துரு கரைந்து போயிருந்தது. என் புண்ணியத்தின் நீளம் எனக்குத் தெரியும். சுந்தரமோ என் தோளுக்குத்தான் வருவான். நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.

அவன் குப்புறப் படுத்துவிட்டான். கன்னத்தைப் பாறையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் அப்படியே கிடந்தான். பின்னால் நின்றவர்கள் "பேக, பேக" என்று அவசரப்படுத்தினார்கள். எழுந்தவன் கையை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போனான். வெயிலில் போய் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பட்டுச்சுடா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜானகியின் முகம் கண்முன் வந்தது. உச்சியில் இருக்கும் நந்தியைப் பார்க்காமலே இறங்கினோம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவன் வழி நெடுகக் கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாமா, மாசியிலா என்று பேசிக்கொண்டே வந்தான். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அடிவாரத்துக் குளக்கரையில் தூக்கைத் திறந்தேன். சுந்தரம் படியில் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து, கையைத் தண்ணீரில் விட்டான். விரல் நுனியிலிருந்து செக்கச்செவேல் என்று துரு கலங்கி ஓடியது. ஐந்து விரலிலிருந்தும் ஓடியது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"என்னடா அப்படிப் பார்க்கிறே?" என்றான். "உன் தங்கச்சி கட்டிக் கொடுத்த சோறு. கை கழுவாம சாப்பிட முடியுமா?"

"பெரியப்பாவுக்கு என்ன சொல்லுவே?"

"பட்டுச்சுன்னு சொல்லுவேன். அவர் வந்து கைய விட்டுப் பார்க்கட்டும்."

குரங்குகளுக்கு ஒரு கவளம்கூட வைக்காமல் சாப்பிட்டோம். திரும்பி நடக்கும்போது ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தேன். சாயங்கால வெயிலில் மலை, அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கும் காளையாகவே தெரிந்தது. காலையில் நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. ஜானகி தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை.

"தண்ணி பட்டுச்சா?"

"எனக்குப் பட்டுச்சு."

"உன்னை யாரு கேட்டா?"

"அவனுக்குப் படலை. பட்டுச்சுன்னு சொல்றான்."

காலித் தூக்கை மூடினாள்.

"அப்போ சரி" என்றாள்.