கதவு எண்ணைத் தட்டிப் பார்த்த அம்மா

நான் ஐந்தாவது படித்தபோது, செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் இஸ்திரிக்கார அக்கா ஒருவர் இருந்தார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அவர் வீடு. ஒரு நாள் அந்த அறைக்கு, லாட்ஜுக்குப் போடுகிற அளவில் சொத்து வரி கேட்டு நோட்டீஸ் வந்தது. கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம். அழுதுகொண்டே அம்மாவிடம் வந்தார்.

அம்மா எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிப்பவள். மறுநாளே அக்காவுடன் வரி அலுவலகம் போய், வேறு யார் வீட்டு விவரமாவது மாறி வந்திருக்கிறதா என்று பார்க்கக் கேட்டாள்.

"அடுத்தவங்க வீட்டு ஃபைலெல்லாம் காட்ட முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் கதவு எண்ணைப் போட்டால் யார் வீட்டு வரி விவரமும் இணையதளத்திலேயே தெரியும் என்று மாமா சொல்லியிருந்தார். அன்று மாலை அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். தெருவின் எண்களை நான் வரிசையாகச் சொன்னேன். மூலையிலிருந்த மூன்று மாடி விடுதி 'தகரக் கூரை, குடியிருப்பு' என்று வந்தது. அக்கா வீட்டு விவரமும் விடுதி விவரமும் இடம் மாறியிருந்தன. நான் கைதட்டினேன்.

அம்மா நிறுத்தவில்லை. "நம்ம நம்பரையும் சொல்லு."

எங்கள் வீட்டுக்குத் தரைத்தளம் மட்டும் பதிவாகியிருந்தது. எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்ட மாடி அறைகள் இரண்டையும் அதில் காணோம்.

அக்காவுக்காக எழுதிய மனுவில் அம்மா அதையும் சேர்த்து எழுதினாள். அப்பா கத்தினார்.

"யாருடி கேட்டாங்க உன்னை? வரி ஜாஸ்தியாவும், தெரியுதா?"

"தெரியுதுங்க. நாளைக்கு அந்த லாட்ஜுக்காரர் நம்ம நம்பரைத் தட்டினா, நான் என்ன மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது?"

அலைந்து அலைந்து அக்காவின் வரியைச் சரிசெய்துவிட்டாள். அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. எங்கள் வரி ஏறியது. எனக்கு வாங்குவதாக இருந்த சைக்கிள் தள்ளிப்போனது. இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.

எங்கள் வரியும் ஏறியது தெரிந்த பிறகு தெருக்காரர்கள் ஒவ்வொருவராக நோட்டீசை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்த விடுதிக்காரர்கூட ஒரு சந்தேகம் கேட்க வந்தார். "எங்கிட்ட குடுங்க, எனக்கும் பாக்கத் தெரியும்" என்று கையை நீட்டுவேன்.

"அம்மா வரட்டும் பாப்பா" என்று சிரித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

போனில் நான்கு எண்ணைத் தட்டுவதற்கு அம்மாதான் வரவேண்டுமா என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும்.