அப்பாவின் கோப்பைக் கேட்டபோது

அப்பாவின் பேச்சு எனக்கு நினைவில் இல்லை. அவர் சுவிஸுக்கு அகதியாக வந்தபோது நான் கைக்குழந்தை. வழக்கை நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களில், கடைக்குப் போனவரை வழியிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. பல வருடங்கள் கழித்து அம்மாவும் நானும் இதே நாட்டுக்கு வந்தோம். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய அகதி விசாரணைக் கோப்பு இங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, பிரதி கேட்கலாம் என்று போன வருடம்தான் தெரிந்தது. கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் பக்கம் பக்கமாக இருக்குமாம். சொந்தக்காரர்களைக் கேட்டால் "நல்ல மனுசன்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. எனக்கு அவர் வாயால் சொன்னது வேண்டும். ஜெர்மனில் இருந்தாலும் பரவாயில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், இடைவேளையின்போது தொலைபேசி எடுத்தேன். காப்பகத்தில் பேசிய பெண் மிகவும் மரியாதையானவர். ஆள் உயிரோடு இருந்தால் அவருடைய கையெழுத்து, இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார். காணாமற்போனவர் என்றேன். எனக்கு ஜெர்மன் விளங்கவில்லை என்பதுபோல, அதையே இன்னும் மெதுவாகத் திரும்பச் சொன்னார்.

ஊரிலுள்ள மாமாவிடம் விசாரித்தேன். காணாமற்போனவர்களுக்கு அங்கே மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். மனைவி விண்ணப்பிக்க வேண்டும்.

அட்லிஸ்வில் முருகன் கோயிலால் வந்து, பொட்டும் தாலியுமாக மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கும் அப்பாவின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"கையெழுத்து வேணுமெண்டால் அவர் வந்து போடுவார். நீ பொறு."

"எவ்வளவு காலம் அம்மா பொறுக்கிறது? அப்பா என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னவர் எண்டு என்னட்டக் கேள். திருப்பி அனுப்பினால் என்னைக் கொல்லுவாங்கள் எண்டு சொன்னவர். அவை நம்பேல்லை. உமக்கு அங்க ஒரு ஆபத்தும் இல்லை எண்டுதான் அனுப்பினவை. இப்ப அவையிட்டப் போய், அவர் சொன்னது உண்மைதான், செத்திட்டார் எண்டு நான் அத்தாட்சி காட்டவோ?"

அன்று பின்னேரமே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, சான்றிதழ் வேண்டாம் என்று சொன்னேன்.

திருப்பி அனுப்பினால் என்னைக் கொல்லுவாங்கள். அப்பா சொன்னதில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம்தான்.